உள்ளே ஒரு பெட்டி! வெளியே ஒரு பெட்டி! இரண்டுக்கும் பேச்சு நின்றால்...?

அக்கினி நட்சத்திர நேரம். இரவு பன்னிரண்டு மணி.

பெரம்பலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கூரை. பகல் முழுவதும் குடித்த வெயிலை அது இரவில் கக்கிக்கொண்டு இருக்கிறது. அறையில் பாட்டி படுத்து இருக்கிறாள். பக்கத்தில் ஆறு மாதக் குழந்தை. சுவரில் ஏ.சி. எந்திரம் ஓடுகிறது.

திடீரென்று குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் விழித்துப் பார்க்கிறாள். குழந்தையின் உடம்பெல்லாம் வேர்வை!

ஏ.சி. நிற்கவில்லை. காற்று வருகிறது. ஆனால் குளிர்ச்சி இல்லை. எந்திரத்தின் முகப்பில் வழக்கமாக "24" என்று தெரியும் இடத்தில், ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் மின்னி மின்னி மறைகின்றன.

காலையில் ஒருவர் வருகிறார். அந்த எழுத்தைப் பார்க்கிறார். மூடியைக்கூடக் கழற்றவில்லை.

"போர்டு போய்விட்டது. புதுசு போடவேண்டும். பல ஆயிரம் ஆகும்" என்கிறார்.

குடும்பமே திகைத்து நிற்கிறது. தவணைக்கு வாங்கிய எந்திரம். தவணை இன்னும் முடியவில்லை!

போர்டு போனது உண்மையா? இருக்கலாம். ஆனால் அந்த எழுத்து அப்படிச் சொல்லவில்லை. "உள்ளே இருக்கும் பெட்டியும் வெளியே இருக்கும் பெட்டியும் பேசிக்கொள்ளவில்லை" என்பதுதான் அது சொன்ன சேதி.

பேச்சு ஏன் நின்றது? ஒரு திருகாணி தளர்ந்தாலும் பேச்சு நிற்கும். ஓர் அணில் வயரைக் கடித்தாலும் நிற்கும். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு புகுந்தாலும் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம். உயிருக்கும் பாதுகாப்பு.

வெயில் பூமி

பெரம்பலூர், அரியலூர் பகுதி கடலுக்குத் தள்ளி உள்ள நிலம். பெரம்பலூர் 1995-ம் ஆண்டு தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்து, மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டம் ஆயிற்று. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் ஊர்கள். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் இருக்கின்றன.

இந்தச் சுண்ணாம்புக் கல் எப்படி வந்தது தெரியுமா? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. நத்தைபோல் சுருண்ட கடல் பிராணிகளின் ஓடுகள் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. அன்று கடல் அடியில் கிடந்தது, இன்று லாரி போகும் ரோட்டில் தூசியாகப் பறக்கிறது!

அந்தத் தூசி வீட்டுக்கு வெளியே இருக்கும் ஏ.சி. பெட்டிக்குள்ளும் போகிறது. கோடையில் கொளுத்தும் வெயில். இடையில் இடி மின்னலோடு மழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இத்தனையையும் தாங்கிக்கொண்டு அந்தப் பெட்டி வெட்டவெளியில் நிற்கிறது.

ஏற்றம் இறைப்பது போல

ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. கிணற்றுத் தண்ணீரை ஏற்றம் போட்டு இறைத்து வாய்க்காலில் ஊற்றுவார்கள் அல்லவா? அதுபோல.

சுவரில் மாட்டி இருக்கும் உள்பெட்டியை மெக்கானிக்குகள் "இண்டோர்" என்பார்கள். அது வெப்பத்தை அள்ளும். மாடியிலோ சன்ஷேடு மீதோ இருக்கும் வெளிப்பெட்டிக்கு "அவுட்டோர்" என்று பெயர். அது வெப்பத்தைக் கொட்டும். இரண்டுக்கும் நடுவே செம்புக் குழாயில் கியாஸ் ஓடுகிறது. அந்த கியாசைச் சுற்றி வரச் செய்யும் கம்ப்ரசர் வெளிப்பெட்டியில் இருக்கிறது.

அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற என்ஜினீயர் 1902-ம் ஆண்டு ஓர் அச்சகத்துக்காகக் குளிர்சாதன முறையை வகுத்தார். மனிதர் சுகமாகத் தூங்குவதற்காக அல்ல! காற்றில் உள்ள ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வர்ண அச்சு கெட்டுப்போயிற்று. அதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு.

பிறகு ஜன்னலில் வைக்கும் ஏ.சி. வந்தது. அதில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம். பெட்டிக்குப் பெட்டி பேசவேண்டிய அவசியமே இல்லை. அதன் பின்னர் பெட்டி இரண்டாகப் பிரிந்தது. அப்போதும் பேச்சு குறைவுதான். "ஓடு", "நில்" என்ற இரண்டே கட்டளை. சுவிட்சைப் போட்டு அணைப்பது போல.

1981-ம் ஆண்டு ஜப்பான் நாட்டு தோஷிபா கம்பெனி வீடுகளுக்கான "இன்வெர்ட்டர்" ஏ.சி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடாது. வெயில் அதிகம் என்றால் வேகம் கூடும். அறை குளிர்ந்ததும் வேகம் குறையும். கரண்டு மிச்சம் ஆகும். இன்று கடைகளில் பெரும்பாலும் விற்பது இந்த ரகம்தான்.

ஆனால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டுமானால், இரு பெட்டிகளும் ஓயாமல் பேசவேண்டும்!

என்ன பேசுகின்றன?

உள்பெட்டி சொல்கிறது: "அறையில் 32 டிகிரி இருக்கிறது. 24 வேண்டும். வேகமாக ஓடு!"

வெளிப்பெட்டி பதில் சொல்கிறது: "சரி. ஓடுகிறேன். வெளியே வெயில் கடுமை. கம்ப்ரசர் சூடு இவ்வளவு."

உள்பெட்டி: "அறை குளிர்ந்துவிட்டது. மெதுவாகப் போ."

இரவு முழுவதும் இந்தப் பேச்சு நடக்கிறது. எப்படி? தந்தி அடிப்பது போலத்தான்.

பழைய தந்தி ஆபீசில் "கட்டு, கடகட்டு" என்று சத்தம் கேட்கும். மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பினால், அந்த இடைவெளியில் சேதி இருக்கும். நம் நாட்டில் அந்தத் தந்தி சேவை 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அதே தத்துவம் ஏ.சி. வயருக்குள் இன்றும் ஓடிக்கொண்டு இருக்கிறது!

நான்கு வயர்

பெரும்பாலான வீட்டு ஏ.சி.களில் இரு பெட்டிகளுக்கும் நடுவே நான்கு வயர்கள் போகின்றன.

ஒன்று பேஸ். மற்றொன்று நியூட்ரல். இவை இரண்டும் வெளிப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கின்றன. மூன்றாவது எர்த். அது மனிதர் உயிரைக் காப்பாற்றும் வயர். நான்காவதுதான் சேதி போகும் வயர். மெக்கானிக்குகள் அதை "சிக்னல் வயர்" என்பார்கள். பல மாடல்களில் சேதி இந்த வயரில் போய், நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது.

பெட்டிக்குள் போர்டில் ஒரு வேடிக்கையான பொருள் இருக்கிறது. நான்கு கால் கொண்ட சின்னக் கறுப்புத் துண்டு. ஒரு பக்கம் சின்னஞ்சிறு விளக்கு. எதிர்ப்பக்கம் ஒளியைப் பார்க்கும் கண். சேதி வந்ததும் விளக்கு மினுக்கும். எதிரே இருக்கும் கண் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். நடுவே கம்பித் தொடர்பே கிடையாது!

ஏன் இப்படி? சேதி வயரோடு பெரிய மின்சாரம் வந்துவிட்டால், எந்திரத்தின் மூளையாக இருக்கும் சின்னச் சில்லு கருகிவிடும். அதைக் காக்கத்தான் நடுவில் ஒளியால் ஆன பாலம். இந்தத் துண்டின் விலை மிகச் சொற்பம். ஆனால் இது போனாலும் பேச்சு நின்றுவிடும்.

கொஞ்ச நேரம் பதில் வராவிட்டால், எந்திரம் கம்ப்ரசரை நிறுத்திவிடும். முகப்பில் எழுத்தைக் காட்டும். ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஓடினால் ஆபத்து அல்லவா? ஆகவே எழுத்து மின்னுவதைப் பார்த்துப் பதறவேண்டாம். அது எந்திரத்தின் காவல்காரன்!

எழுத்து ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. டைக்கினில் "யூ-4". எல்.ஜி.யில் "சி.எச்.-05". பானசோனிக்கில் "எச்-11". மாடலுக்கு மாடல் மாறலாம். எந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்வதே சரி. புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

வீட்டார் செய்யவேண்டியது

எழுத்து மின்னினால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? விவரம் வருமாறு:

முதலில் ரிமோட்டில் ஏ.சி.யை நிறுத்தவேண்டும். பிறகு அதற்கு உரிய சுவிட்சையும் அணைக்கவேண்டும். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் போட்டுப் பார்க்கவேண்டும். போட்ட உடனே குளிர் வராது. கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிடம்கூட ஆகும். மின்சாரம் ஏறி இறங்கியதால் ஏற்பட்ட குழப்பம் என்றால் இதிலேயே தீர்ந்துவிடும்.

மீண்டும் எழுத்து வந்தால், மறுபடி மறுபடி போட்டு அணைக்கக் கூடாது.

சில வீடுகளில் வெளிப்பெட்டிக்குத் தனி சுவிட்சு இருக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் அதை அணைத்துவிட்டுப் போயிருப்பார். அதைப் பார்க்கவேண்டும். சுவிட்சு தானாக விழுந்து இருந்தால், ஒருமுறைதான் தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் தொடக் கூடாது.

மற்ற விளக்குகள் மங்கலாகவோ, கண்ணைக் கூசும்படியோ எரிகின்றனவா என்று கவனிக்கவேண்டும். கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் வோல்ட்டேஜ் திடீரென்று ஏறும். அப்போது மெயினை அணைத்துவிட்டு மின்சார வாரியத்துக்குச் சொல்லவேண்டும். இதற்காக 2021-ம் ஆண்டு "மின்னகம்" தொடங்கப்பட்டது. அதன் எண் 94987 94987.

கடைசியாக, நினைவுபடுத்திப் பார்க்கவேண்டும். கோளாறு எப்போது தொடங்கியது? மழைக்குப் பிறகா? இடி இடித்த அன்றா? ஏ.சி.யை வேறு அறைக்கு மாற்றிய பிறகா? வீட்டுக்கு வெள்ளை அடித்த பிறகா? இந்தப் பதில் மெக்கானிக்குக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

அவ்வளவுதான். இதற்கு மேல் வீட்டார் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை.

மூடியைத் திறக்காதீர்கள்!

"ஸ்குரு டிரைவர் இருக்கிறது. நானே பார்த்துவிடுகிறேன்" என்று வீட்டில் ஒரு பையன் கிளம்புவான். அவனைத் தடுத்து நிறுத்தவேண்டும்.

இன்வெர்ட்டர் ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பொருள்கள் உண்டு. அவற்றுக்குக் "கெப்பாசிட்டர்" என்று பெயர். பார்த்தால் சின்ன டப்பா போல் இருக்கும். அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது உடனே போகாது!

கரண்டு இல்லையே என்று கை வைத்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். மாடி விளிம்பில் நிற்பவர் என்றால், கீழே விழுந்து சாவார். தேர்ந்த மெக்கானிக்குகூட சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, மின்சாரம் வடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கை வைப்பார்.

அந்தப் பத்து நிமிடத்தை வீணான நேரம் என்று வீட்டார் நினைக்கக் கூடாது. "சீக்கிரம் பாருங்கள் தம்பி" என்று அவசரப்படுத்தக் கூடாது. அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பேச்சை நிறுத்தும் திருடர்கள்

நல்ல மெக்கானிக்கு போர்டைக் கடைசியில்தான் சந்தேகிப்பார். முதலில் வயரைப் பார்ப்பார். ஏன் என்றால், பேச்சை நிறுத்தும் திருடர்களில் பலர் வயரில்தான் ஒளிந்து இருக்கிறார்கள்.

முதல் திருடன், ஜாயிண்டு. ஏ.சி. மாட்டும்போது வயர் கொஞ்சம் போதாமல் போகும். முறுக்கி ஒட்டி டேப் சுற்றிவிடுவார்கள். வெயிலில் டேப் காய்ந்து பிரியும். மழையில் தண்ணீர் புகும். செம்பு பச்சை பூத்துவிடும். முதலில் விட்டு விட்டுக் கோளாறு. பிறகு ஒரேயடியாக மவுனம்!

இரண்டாவது திருடன், மாறிய வயர். இரண்டு பெட்டிகளிலும் திருகாணிகளுக்கு எண் போட்டு இருக்கும். இங்கே ஒன்றில் மாட்டியதை அங்கேயும் ஒன்றில்தான் மாட்டவேண்டும். சேதி வயரையும் பேஸ் வயரையும் மாற்றி மாட்டினால், பேச்சும் வராது. சில வேளை போர்டும் கருகும். வீட்டு ஒயரிங்கில் பேசும் நியூட்ரலும் இடம் மாறி இருந்தாலும் சில மாடல்கள் பேச மறுக்கும். ஏ.சி.யை இடம் மாற்றிய மறுநாள் எழுத்து வந்தால், முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

மூன்றாவது, தளர்ந்த திருகாணி. கம்ப்ரசர் ஓட ஓட அதிரும். அதிர அதிரத் திருகாணி தளரும். தளர்ந்த இடம் சூடாகும். கறுத்துப்போகும்.

நான்காவது திருடர் கூட்டம், எலி, அணில், பல்லி, எறும்பு! எலியும் அணிலும் வயரைக் கடிக்கும். எறும்பு கூட்டமாகப் போர்டில் குடியேறும். பல்லி போர்டில் ஊர்ந்து இரண்டு இடங்களை ஒன்றாகத் தொட்டால், அதுவும் சாகும். போர்டும் சாகும்.

ஐந்தாவது, தூசியும் ஈரமும். காய்ந்த தூசி அவ்வளவு கெடுதல் செய்யாது. அதில் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் போகக்கூடாத வழியில் கசியும். லாரி ஓடும் ரோட்டு ஓரத்து வீடுகளும், சுரங்கத்துக்குப் பக்கத்து வீடுகளும் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

ஆறாவது, இடி மின்னல். மின்னல் வீட்டின்மேல் விழவேண்டும் என்பது இல்லை. தூரத்தில் விழுந்தாலும் கம்பி வழியாக ஒரு வேகம் வந்து போர்டைத் தாக்கும். இந்தத் திருடன் வந்துபோனால் மட்டும் போர்டு தப்புவது அரிது.

சின்ன விளக்கு சொல்லும் சேதி

வயர் நன்றாக இருக்கிறது. திருகாணியும் இறுக்கம். பிறகு?

வெளிப்பெட்டியின் போர்டில் பெரும்பாலும் ஒரு சின்ன விளக்கு இருக்கும். மெக்கானிக்கு அதைப் பார்ப்பார்.

விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளிப்பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். விளக்கே எரியவில்லை என்றால், அது பேச மறுக்கவில்லை. செத்துக் கிடக்கிறது! அங்கே மின்சாரம் வந்து சேர்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். வரவில்லை என்றால், கோளாறு வயரிலோ உள்பெட்டியிலோ. வருகிறது என்றால், பியூசைப் பார்ப்பார்.

பியூசும் சரி என்றால், இன்னொரு சூட்சுமம் உண்டு. வெளிப்பெட்டியில் இருக்கும் காற்றாடி மோட்டார் உள்ளுக்குள் கெட்டுப்போனால், அது போர்டின் மின்சாரத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். போர்டு மயங்கிவிடும். மின்சாரத்தை நிறுத்தி, தேங்கியது வடிந்தபின் அந்த மோட்டாரின் பிளக்கைக் கழற்றுவார். மறுபடி மின்சாரம் கொடுப்பார். விளக்கு எரிந்தால் குற்றவாளி மோட்டார்தான். போர்டு நிரபராதி!

விளக்கு எரிகிறது, ஆனால் பேச்சு இல்லை என்றால்? சேதி வயரில் மீட்டரை வைப்பார். எண் ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டு இருந்தால் யாரோ பேசுகிறார்கள். ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால், ஒரு பெட்டி ஊமையாகிவிட்டது. எத்தனை வோல்ட் ஆடவேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதற்குரிய புத்தகத்தை வைத்துத்தான் ஊமை எது என்று முடிவு செய்வார்.

ஆகக் கடைசியில்தான் போர்டு.

இப்படிக் கேளுங்கள்

மெக்கானிக்கிடம் சண்டை போடவேண்டியது இல்லை. மரியாதையாக நாலு கேள்வி கேட்டால் போதும்.

"தம்பி, வயரில் எங்கேயாவது ஜாயிண்டு இருக்கிறதா, பார்த்தீர்களா?"

"பார்த்தேன் அக்கா. சன்ஷேடுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது."

"அவுட்டோரில் விளக்கு எரிகிறதா?"

"எரிகிறது அக்கா."

"அப்படியானால் அந்த ஜாயிண்டை எடுத்துவிட்டுப் புது வயர் ஒரே நீளமாகப் போட்டுப் பார்க்கலாமா? அதற்குப் பிறகும் வராவிட்டால் போர்டைப் பற்றிப் பேசலாம்."

"சரிதான் அக்கா. அதுதான் முறை."

வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். சந்தோஷப்படுவார்.

போர்டுதான் என்று முடிவானால், முதலில் வாரண்டி அட்டையைத் தேடவேண்டும். கம்ப்ரசருக்கு ஒரு காலம், போர்டுக்கு ஒரு காலம், எந்திரத்துக்கு ஒரு காலம் என்று தனித்தனியே எழுதி இருக்கும். காலம் இருந்தால் வெளி ஆளைத் தொடவிடாமல் கம்பெனிக்கே சொல்லவேண்டும். காலம் முடிந்து இருந்தால், பழைய போர்டைச் செப்பனிட முடியுமா என்று கேட்கலாம். மாற்றினால் கழற்றிய பழைய போர்டையும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

பேச்சு நிற்கும் கோளாறுக்கு "கியாஸ் நிரப்பவேண்டும்" என்று யாராவது சொன்னால், காரணம் கேட்கவேண்டும். கியாசுக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை.

வருமுன் காக்க

ஏ.சி. மாட்டும் அன்றே பாதிக் கோளாறைத் தடுத்துவிடலாம்.

இரு பெட்டிக்கும் நடுவே வயர் ஒரே நீளமாக, ஜாயிண்டு இல்லாமல் போகவேண்டும். கம்பெனி சொன்ன கனத்தில் செம்பு வயராக இருக்கவேண்டும். வெயில் படும் இடத்தில் குழாய்க்குள் செலுத்தவேண்டும். சுவரில் போட்ட துவாரத்தை நன்றாக அடைக்கவேண்டும். அதுதான் எலிக்கும் எறும்புக்கும் வாசல்.

எர்த் இல்லாமல் ஏ.சி. மாட்டவே கூடாது. இது உயிர் விஷயம்.

கோடை தொடங்கும் முன், மாசியிலேயே ஒருமுறை சர்வீஸ் செய்யவேண்டும். அப்போது திருகாணிகளை இறுக்கச் சொல்லவேண்டும். தூசியைக் கழுவும்போது போர்டு இருக்கும் பக்கம் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் ஏ.சி.யை நிறுத்தி சுவிட்சையும் அணைத்துவிடுவது நல்லது.

ஏ.சி. ரிப்பேர் வேலை படித்துக் கற்கவேண்டிய தொழில். ஐ.டி.ஐ.களில் இதற்கென்று 2 ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. பழைய எந்திரத்துக்கு ஸ்பானரும் கியாசும் போதும். இன்றைய எந்திரத்துக்கு மீட்டரைப் படிக்கவும் தெரியவேண்டும். பத்தாவது முடித்துவிட்டு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல பிழைப்பு.

அந்த இரவுக்கு என்ன வழி?

எந்திரம் விடியும்வரை சரியாகாது. குழந்தையும் பாட்டியும் என்ன செய்வார்கள்?

ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓடவிடவேண்டும். உடம்பை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். வயதானவர்கள் தாகம் இல்லை என்பார்கள். கேட்காமலே தண்ணீர், மோர் கொடுக்கவேண்டும். கைக்குழந்தைக்கு அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கவேண்டும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

பெரம்பலூர் வீட்டுக் கதைக்கு வருவோம். இரண்டாவதாக ஒரு மெக்கானிக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தார். பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். பிறகு வயரைத் தடவிக்கொண்டே போனார். சன்ஷேடுக்குப் பின்னால் ஒரு ஜாயிண்டு. டேப் பிரிந்து கிடந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து இருந்தது. முந்திய வாரம் பெய்த கோடை மழையின் வேலை!

புது வயர் போட்டார். சுவிட்சைத் தட்டினார். மூன்று நிமிடம் அமைதி. பிறகு மாடியில் மெல்ல ஒரு சத்தம். கம்ப்ரசர் கிளம்பிவிட்டது. முகப்பில் "24" தெரிந்தது. பாட்டி நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

பல ஆயிரம் கேட்ட கோளாறு, சில மீட்டர் வயரில் முடிந்தது.

இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை என்றால், உடனே ஒருவர்மேல் பழி போடக் கூடாது. நடுவில் என்ன நடந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். ஏ.சி.க்கு மட்டுமா இது பொருந்தும்?